ஆளில்லாத வீட்டுக்குப் பழம் கொண்டுபோன கதை

"உப்புப் பாரு மக்கா" என்று அம்மை கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. நான் என் கையை நீட்டி அந்த ஒன்றுமில்லாததை வாங்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, "ஒரு கல்லு கூட வேணும்" என்றேன்.

"எனக்கு எரிப்பு கூடிப்போச்சு" என்றாள் பகவதி அக்கா. அவளுக்கு எதிலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும்.

அம்மை எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு, இல்லாத கறியில் இல்லாத உப்பைப் போட்டு, இல்லாத அகப்பையால் கிண்டினாள். முன்னறையில் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வராத விருந்தாளியிடம் "வாருங்கோ, இரியுங்கோ" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு வாசனை. தரையில் சிமெண்டுப் பால் பூசி மினுக்கியிருந்தார்கள். வெறுங்காலில் நடந்தால் உள்ளங்கால் ஜில்லென்றது.

பார்க்கிறவர்கள் குடும்பத்தோடு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். பார்த்தவர் ஒருவர் உண்டு. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் ஞானமுத்து. அவர் எங்கள் பழத்தைத் தின்றுகொண்டிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற வாரம் என் பள்ளிக்கூடத்துப் பிரதாபங்களை எழுதினேன் அல்லவா? அதைப் படித்த ஒரு வாசகி, "உங்கள் வீட்டைப் பற்றியும் எழுதுங்களேன்" என்று கடிதம் போட்டிருக்கிறார். எந்த வீட்டை என்று அவர் சொல்லவில்லை. சின்ன வயதில் எனக்கு இரண்டு வீடு. ஒன்று நாங்கள் குடியிருந்தது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறிப்போய்க் குடியிருப்பதாக நினைத்துக்கொண்டது. இரண்டாவதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பத்தொன்பது பேரும் ஓர் உப்பு மரவையும்

கொட்டாரம் கிராமத்தில் எங்கள் வீட்டில் பத்தொன்பது பேர். பெரியப்பா குடும்பம், நாங்கள், சித்தப்பாக்கள், அவர்கள் பிள்ளைகள், ஒருவேளைச் சாப்பாட்டுக்கு என்று வந்து இரண்டு வருடமாகத் தங்கிவிட்ட ஒரு தூரத்து மாமா. இத்தனை பேருக்கும் அடுக்களை ஒன்று. அதன் ராணி என் பெரியம்மை, அப்பாவின் அண்ணன் மனைவி.

பெரியம்மை கெட்டவள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வயதில் நான் அவளைக் கெட்டவள் என்றுதான் நினைத்தேன். முதுகு எப்போதும் குனிந்தே இருக்கும். குரல் மட்டும் நிமிர்ந்து நிற்கும். அந்தக் குரல் கேட்டால் எங்கள் வீட்டுப் பூனைகூட வந்த வழியே போய்விடும்.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கறியில் உப்புப் போடுகிற உரிமை மூத்த மருமகளுக்கு மட்டும். இளைய மருமகள்கள் தேங்காய் துருவலாம், அரைக்கலாம், கடுகு தாளிக்கக்கூட அனுமதி உண்டு. உப்பு வைத்திருக்கும் மரக்கிண்ணமான அந்த மரவையில் மட்டும் கைவைக்கக் கூடாது. ஆளாளுக்கு ஒரு கை உப்புப் போட்டால் கறி என்ன கதிக்கு ஆளாகும் என்பதும் நியாயம்தானே. ஆனால் அம்மை கலியாணமாகி வந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. இந்தப் பதினாறு வருடத்தில் அவள் ஒரு கறிக்கும் உப்புப் போட்டதில்லை.

"எனக்கு உப்புப் போடத் தெரியுமாங்கதே மறந்துபோச்சு" என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னாள். அப்பா சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் அப்பாவும் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டார்.

அப்பாவுக்கு நாகர்கோவிலில் மராமத்து ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஊரிலுள்ள பாலத்துக்கும் ரோட்டுக்கும் காகிதம் எழுதுகிற மனிதர். ஆபீஸில் அவருக்கு நல்ல பெயர். வீட்டில் அண்ணன் உட்கார்ந்தால் இவர் நிற்பார், அண்ணன் நின்றால் இவர் சுவரோடு ஒட்டிக்கொள்வார்.

நாட்டுக்கு ஒரு நியாயம்

அது எங்கள் பக்கத்தில் எல்லோரும் பிரிவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலம். மகாராஜா பட்டம் போய் ராஜப்பிரமுகராகி இருந்தார். திருவனந்தபுரத்தில் மந்திரிசபை ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்தில் இருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று தினம் ஒரு கூட்டம், வாரம் ஓர் ஊர்வலம். பெரியப்பா அதில் முன்வரிசை. சந்தை முக்கில் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "நம்ம பாஷை வேற, அவனுக்க பாஷை வேற. நம்ம கறி வேற, அவனுக்க கறி வேற. சேந்தே கெடந்து சாவணும்னு நமக்கு என்ன தலையெழுத்து?" என்று கேட்பார். கைதட்டல் காதைப் பிளக்கும்.

அதே பெரியப்பா வீட்டுக்கு வந்து, கால் கழுவி, மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "ஒத்த அடுப்பு எரியுத வீடுதான் வீடு. அடுப்பு ரெண்டாச்சுன்னா குடும்பம் குட்டிச்சுவரு" என்பார். அங்கே கைதட்ட ஆள் இல்லை. ஆனால் மறுத்துப் பேசவும் ஆள் இல்லை.

இந்த நேரத்தில் அப்பாவின் ஆபீஸ்காரர்கள் சிலர் சேர்ந்து வீடு கட்டிக்கொள்ள ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாகர்கோவிலுக்கு வெளியே வயலை ஒட்டிய ஒரு பொட்டலில் பன்னிரண்டு வீடு, எல்லாம் ஒரே அச்சு. முதலில் ஒன்றை மட்டும் கட்டி, 'மாதிரி வீடு' என்று பலகை மாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். பிடித்திருந்தால் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குள்ளவர்கள் மட்டும், குடும்பத்து மூத்தவர் கையெழுத்தையும் வாங்கித்தர வேண்டும். ஆவணி முடியும்வரை தவணை.

அந்த ஒரு வரியில் அப்பா படுத்துவிட்டார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர்தான். அது அங்கேயே கிடந்து வியர்வையில் ஊறியது.

"அண்ணாச்சிட்ட எப்பம் கேக்கப்போறிய?" என்றாள் அம்மை.

"கேக்கணும்."

"அதான் எப்பம்?"

"ஒரு நல்ல நேரமாப் பாத்து."

அம்மைக்குத் தன் புருஷனின் நல்ல நேரம் எப்போது வரும் என்று தெரியும். "செரி, கேக்கது கெடக்கட்டு" என்றாள். "பாக்கதுக்கு ஆருட்டயும் கேக்கவேண்டாமே. ஒருக்கா பாத்துட்டு வருவோம்."

வெறுங்கையோடு போகலாமா?

முதல் ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போதே தகராறு. அம்மை கலியாணப் பட்டுச் சேலையை எடுத்து உடுத்திருந்தாள். கையில் ஒரு படலை மட்டிப்பழம். மற்ற ஊர்க்காரர்கள் சீப்பு என்பதை நாங்கள் படலை என்போம். கூடவே வெற்றிலை, ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து.

"அங்க ஆளே கெடையாதுட்டி" என்றார் அப்பா.

"ஆளு இல்லாட்டா என்ன, வீடு இருக்குல்லா? ஒரு வீட்டுக்கு முதல்முதல்ல போகையில கைய வீசிக்கிட்டா போவாவ?"

இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் மலையே புரண்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சாவு வீட்டைத் தவிர வேறெந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போகிற வழக்கம் கிடையாது. வீட்டில் மனிதர் இருக்கிறாரா என்பதெல்லாம் அடுத்த கேள்வி.

பெரியம்மையிடம் சுசீந்திரம் கோயிலுக்கு என்று சொன்னோம். முழுப்பொய் இல்லை. பஸ் சுசீந்திரம் வழியாகத்தான் போகும். கோபுரம் தெரிந்ததும் நாலு பேரும் உட்கார்ந்தபடியே கும்பிட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொண்டோம்.

மாதிரி வீட்டின் வாசலில் அம்மை திகைத்து நின்றாள். பழத்தை யாரிடம் கொடுப்பது? வாசற்படியில் வைத்துப் பார்த்தாள். ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. கடைசியில் ஞானமுத்துவிடம் நீட்டினாள். அவர் கடலோரத்து முட்டத்துக்காரர், வாழ்நாளில் மீன் தவிர வேறெதையும் யாரும் அவருக்குச் சும்மா கொடுத்ததில்லையாம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்காரராகவே மாறிவிட்டார்.

"வாருங்கம்மா, வாருங்க. கால் கழுவ வெள்ளம் இல்ல கேட்டியளா, பைப்பு இனிதான் வரும். உள்ள வாருங்க."

ஒவ்வொரு கதவிலும் அது என்ன அறை என்று பெயின்டில் எழுதியிருந்தது. எங்கள் கொட்டாரத்து வீட்டில் எல்லா அறையும் எல்லாருக்கும் எல்லாமுமாக இருந்ததால், படுப்பதற்கு என்று தனியாக ஓர் அறை உண்டு என்பதே எனக்குப் புதுச்செய்தி. மின்சாரம் வரவில்லை, ஆனால் ஸ்விட்ச் இருந்தது. "லைட்டைப் போடு மக்கா" என்பார் அப்பா. நான் தட்டுவேன். அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "ஆங், இப்பம் செரி" என்பார்.

ஒரு சின்னக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே யாரோ இருப்பது போல மரியாதையாக மூடினார். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ்.

"சீ, மூடுங்க! சோறு திங்க எடத்துக்குப் பக்கத்துலயா?" என்று அம்மை முகத்தைச் சுளித்தாள். அடுத்த வாரம் அதன் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தவளும் அவளேதான்.

பிறகு அடுக்களை. இடுப்பளவு உயரத்தில் சிமெண்டு மேடை, அதன்மேல் அடுப்பு வைக்க இடம், புகை போகக் கூண்டு, முன்னால் ஒரு ஜன்னல்.

"இங்க நின்னுக்கிட்டேயா வைக்கது?" என்று அம்மை ஞானமுத்துவைக் கேட்டாள்.

"நிண்ணோ இருந்தோ, உங்க இஷ்டம்மா" என்றார் அவர், மேடையே தன்னுடையது என்பதுபோல.

அம்மை மேடையில் இரண்டு கையையும் வைத்தாள். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். இல்லை. உப்பு மரவையை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் சண்டை

ஒருக்கா பார்க்கப் போனவர்கள் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை போனோம். ஒவ்வொரு முறையும் ஒரு மணிநேரம் அங்கே வாழ்ந்தோம். சமைத்தோம், சாப்பிட்டோம், விருந்தாளிகளை வரவேற்றோம், கொஞ்சம் படுத்தும் எழுந்தோம்.

வாழ்ந்தால் சண்டை வராமல் இருக்குமா? அப்பா முன்னறையில் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "நீங்க இப்பிடி ஆள விளிச்சுக்கிட்டே இருந்தா நான் எத்தன சாயா போட?" என்று அம்மை அடுக்களையில் இருந்து கத்தினாள். அவர் அலமாரியை வைப்பதாகச் சொன்ன இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் அந்த அலமாரியைச் சுற்றிக்கொண்டே நடந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

எனக்கும் அக்காவுக்கும் ஜன்னல். எங்களுக்கு ஒதுக்கிய அறையில் வயலைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. அதன் அடியில் யார் படுப்பது? மூத்தவள் நான் என்றாள் அவள். முதலில் சொன்னவள் நான் என்றேன் நான். பேச்சு வார்த்தை முறிந்து, அந்தக் கோபத்தை அப்படியே பஸ்ஸில் ஏற்றிக் கொட்டாரத்துக்குக் கொண்டுவந்தோம். மூன்று நாள் பேசவில்லை.

"ஏட்டி, என்னத்துக்குட்டி ரெண்டு பேரும் மூஞ்சிய இப்பிடி வச்சுக்கிட்டு இருக்கிய?" என்று பெரியம்மை கேட்டாள்.

"இவ ஜன்னல எடுத்துக்கிட்டா பெரியம்மை" என்றேன் நான்.

"எந்த ஜன்னல?"

பெரியம்மை எங்கள் அறையை எட்டிப் பார்த்தாள். நாலு பக்கமும் சுவர். ஜன்னலே கிடையாது. அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் திரும்பும் பஸ்ஸில் அம்மை அதே கேள்வியைக் கேட்பாள். "இன்னைக்குக் கேக்கியளா?" அப்பா ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த வாரம்" என்பார். ஆடி போயிற்று. ஆவணியில் பாதியும் போயிற்று. அம்மை கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டபோது இருந்ததைவிட, கேட்காமல் இருந்தபோது அப்பா அதிகம் வாடிப்போனார்.

மாப்பிள்ளை எங்கே?

வினை பழக்கடையில் இருந்து வந்தது. கொட்டாரம் சந்தையில் எங்களுக்கு வாடிக்கையான பழக்கடைக்காரர், பெரியம்மையிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"உங்க வீட்டுல என்ன விசேஷம்? எட்டு வாரமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எளைய அம்மா நல்ல படலையாப் பாத்து வாங்குகாவ. பட்டு உடுத்து, மூத்த பிள்ளையயும் கூட்டிக்கிட்டு பஸ் ஏறுகாவ."

பட்டு, பழம், வெற்றிலை, பதினஞ்சு வயதில் ஒரு பெண். இந்த நாலையும் கூட்டினால் எங்கள் ஊரில் ஒரே விடைதான். பகவதிக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டைக் காணப் போய் வருகிறார்கள். அதுவும் மூத்தவர்களுக்குத் தெரியாமல். அதிலும் பெண்ணையே கையோடு கூட்டிக்கொண்டு! இதைவிடப் பெரிய அவமானத்தைப் பெரியம்மையால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பெரியப்பாவிடம் அவள் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். ஒன்பதாவது ஞாயிறு, நாங்கள் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். ஆவணி ஞாயிறு, நாகராஜா கோயிலில் பால் ஊற்ற உகந்த நாள். பிடித்துவிட்டு அப்படியே கோயிலுக்கும் போய்விடலாம் என்று ஒரு செம்பில் பாலும் எடுத்துக்கொண்டாள். கோபத்திலும் ஒரே போக்கில் இரண்டு சோலியை முடிக்கிறவள். நாங்கள் எங்கே இறங்குகிறோம் என்று கண்டக்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நான் தொடக்கத்தில் சொன்னேனே, அம்மை உப்புப் பார்க்கச் சொன்னாள் என்று, அது இந்த ஞாயிறுதான். அம்மை இல்லாத கறியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் அந்தக் குரல் கேட்டது.

"எங்கட்டி மாப்பிள?"

அம்மையின் கை அந்தரத்தில் நின்றது. அப்பா சுவரோடு ஒட்டினார். ஸ்டூலில் இருந்த ஞானமுத்து பதறி எழுந்தார். வாய் நிறைய மட்டிப்பழம். நரைத்த மீசை, கிழிந்த பனியன், மடித்துக் கட்டிய வேட்டி. பெரியம்மை அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலாகவும் பார்த்தாள்.

"இந்தக் கெழவனுக்கா எம் பிள்ளையக் குடுக்கப்போறிய?" என்று அப்பாவைக் கேட்டாள்.

விஷயம் என்ன என்று தெரியாமலே பகவதி அக்கா அழத் தொடங்கினாள். ஞானமுத்து பழத்தை முழுசாக விழுங்கிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யோ அம்மா, எனக்கு வீட்டுல பெஞ்சாதி இருக்கு. நாலு பிள்ளியளும் இருக்கு."

"கெட்டுது போ!" என்று பெரியம்மை தலையில் கைவைத்தாள். "ரெண்டாந்தாரமா!"

எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லக் கால்மணி நேரம் பிடித்தது. அப்பாவுக்கு வாய் குழறியதால் அம்மைதான் சொன்னாள். அப்பா சட்டைப் பையில் இருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து, சாட்சி போல நீட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பம் மாப்பிள இல்ல?"

"இல்ல அக்கா."

"வீடுதான்?"

"வீடுதான்."

"இது ஆருக்க வீடு?"

"ஆருக்கயும் இல்ல அக்கா."

"ஆருக்கயும் இல்லாத வீட்டுக்கா இத்தன பழம்?"

அம்மை தலையைக் குனிந்துகொண்டாள். பெரியம்மை, சரி வந்ததுக்குப் பார்க்கிறேன் என்பதுபோல, அறை அறையாக நடந்தாள். எல்லாவற்றையும் குறை சொன்னாள். சுவர் மெலிசு, கூரை தாழ்வு, இந்தக் கக்கூஸை வைத்தவன் கை விளங்காது. அப்படியே அடுக்களைக்கு வந்தாள். குறை சொல்ல வாயைத் திறந்தாள்.

பால் செம்பை மேடையில் வைத்தாள். மேடையைத் தடவினாள். பிறகு இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். பெரியம்மை நிமிர்ந்து நின்று நான் பார்த்தது அன்றுதான். அம்மையைவிட நல்ல உயரம். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அது எனக்குத் தெரியாது.

"இங்க நின்னா குனியவேண்டாம் இல்லியா?" என்றாள்.

"வேண்டாம் அக்கா."

"எத்தன பேருக்கு வைக்கணும்?"

"எங்க நாலு பேருக்கு."

"நாலு பேருக்கா..." பெரியம்மை யோசித்தாள். "நாலு பேருக்கு எம்புட்டு அரிசி இடணும்?"

அம்மையும் யோசித்தாள். "தெரியாது அக்கா."

"ரெண்டு நாழி போதுமோ?"

"மூணு வேண்டாமா?"

"மூணு இட்டா மிஞ்சும்ட்டி."

பத்தொன்பது பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு உலை வைக்கிறவர்கள், நாலு பேருக்கு வழி தெரியாமல் அந்தக் காலி அடுக்களையில் நின்றார்கள். நானும் அக்காவும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டோம். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

திரும்பும் பஸ்ஸில் பெரியம்மை வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கொட்டாரத்தில் இறங்கும்போதுதான் கையில் இருந்த செம்பைப் பார்த்தாள். பால் அப்படியே இருந்தது. அந்த வாரம் நாகராஜாவுக்குப் பால் இல்லை.

"இன்னைக்கோட முடிஞ்சுது" என்று அம்மை அப்பாவிடம் சொன்னாள். "நீங்க இனி கேக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அக்கா அண்ணாச்சிட்ட சொல்லிருவா."

ஒரு வரி கூடுதல்

தவணைக்கு மூன்று நாள் இருந்தது. அன்று எங்கள் வீட்டு முன்கட்டில் பெரியப்பா ஒரு கூட்டம் வைத்திருந்தார். இருபது, இருபத்தைந்து பேர். தீர்மானம் எழுதுவது, அதன்பின் சாப்பாடு. பெரியப்பா வாசகம் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். "பிரிந்து தனித்து வாழும் உரிமை" என்பதோடு பெரியப்பா நிறுத்தி, அடுத்த சொல்லுக்காகக் கூரை மோட்டைப் பார்த்தார்.

பெரியம்மை அடுக்களையை விட்டு வெளியே வந்து, ஆண்கள் கூடியிருக்கும் இடத்தின் வாசலில் வந்து நின்றாள். அப்படி அவள் வந்து நின்றதே இல்லை.

"ஒரு காரியம் கேக்கணும்."

"பொறவு கேளு. தீர்மானம் எழுதிக்கிட்டு இருக்கோம்லா."

"அதுல ஒரு வரி சேத்து எழுதணும்" என்றாள் பெரியம்மை. "நாட்டப் பிரிக்கதுக்கு இத்தன பேரு கூடியிருக்கியளே, இந்தச் செல்லம்மைக்கு ஒரு அடுப்பப் பிரிச்சுக் குடுக்கதுக்கு எத்தன பேரு கூடணும்?"

செல்லம்மை என்பது என் அம்மை. கதவுக்குப் பின்னால் நின்ற அவள் என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவளுக்கு நீ என்னத்துக்குட்டி வக்காலத்து வாங்குக?"

"அவளுக்கு இல்ல, எனக்க முதுகுக்கு. நாலு பேரு போனா நாலு பேரு சோறு கொறையும்லா?"

"அடுப்பு ரெண்டானா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டு. கொழுந்தன் பையில ஒரு காயிதம் இருக்கு. அதுல நீங்க கையெழுத்துப் போடாம நான் உலை வைக்கப்போறது இல்ல. வந்தவியல்லாம் வெறும் வயத்தோடயே நாட்டப் பிரிச்சுக்கிடட்டு."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கூட்டம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தது. உண்மைதான். நேரம் உச்சியாகியும் அடுக்களைப் பக்கம் இருந்து சோறு வேகும் வாசனையே வரவில்லை. இருபத்தைந்து பேரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

"ஒரு கையெழுத்துத்தானே அண்ணாச்சி" என்றார் ஒரு வாத்தியார். "போட்டுருங்க. கொள்கைக்கும் ஒத்துத்தான் வருது."

பெரியப்பா கொஞ்சநேரம் தரையைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்துக் கையை நீட்டினார். அப்பா காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தார். மடிப்பில் எழுத்தெல்லாம் கலங்கி, கையெழுத்துப் போடும் இடத்தையே தேட வேண்டியிருந்தது. பெரியப்பா மேடையில் பேசுகிற அதே கம்பீரத்தோடு, வாலை நீட்டிக் கையெழுத்துப் போட்டார். அப்பா சாப்பிடக்கூட நிற்கவில்லை. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

குடிபோனபின்

அடுத்த சித்திரையில் குடிபோனோம். சீட்டுக் குலுக்கியதில் மாதிரி வீடு வேறொருவருக்கு விழுந்தது. எங்களுக்கு அடுத்த வரிசையில் ஒன்று. எல்லாம் ஒரே அச்சுதான், ஆனாலும் எங்கள் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று எனக்கு வெகுநாள் ஆத்திரம் இருந்தது. புது வீட்டில் வயலைப் பார்த்த அறையை அப்பாவும் அம்மையும் எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது வாரம் சண்டை போட்ட எங்களுக்குத் தெருப்பக்கத்து ஜன்னல்தான் கிடைத்தது.

பால் காய்ச்சுக்குக் கொட்டாரத்தில் இருந்து எல்லோரும் வந்தார்கள். பெரியப்பாவும் வந்தார். முகத்தை ஒரு தினுசாக வைத்துக்கொண்டு இரண்டு தடவை பாயசம் குடித்தார். மாலையில் எல்லோரும் புறப்பட்டபோது பெரியம்மை மட்டும், "நான் நாளைக்கு வாறேன்" என்று இருந்துகொண்டாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, "எல்லாரும் நாகராஜா கோயிலுக்குப் போயிட்டு வாருங்க. உச்ச பூசை பாத்துட்டு மெல்ல வந்தாப் போரும்" என்றாள்.

"நீங்களும் வாருங்கக்கா."

"எனக்குச் சோலி இருக்கு."

போனோம். ஆனால் வழியில் அக்காவின் செருப்பு வார் அறுந்து, அவள் அழுது, பூசைக்கு நிற்காமலே திரும்பிவிட்டோம். வாசலுக்கு வரும்போதே உலை கொதிக்கும் வாசனை. உள்ளே போக இருந்த எங்களை அம்மை கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினாள். முன்னறை ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

பெரியம்மை மேடையின் முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் ஒரே ஒரு சின்னப் பாத்திரம். அதை இறக்கினாள். முன்னறையின் நடுவில் ஒரு துண்டு இலை போட்டாள். சோற்றை வைத்தாள், புளிக்கறி ஊற்றினாள், உட்கார்ந்தாள். இலையில் இருந்து ஆவி பறந்தது.

கொட்டாரத்து வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, வந்தவர் போனவர் சாப்பிட்டு, இளைய மருமகள்களும் சாப்பிட்டு, மூன்று மணிக்கு மேல் பானையின் அடியைச் சுரண்டி அவள் உட்காருவாள். அவள் இலையில் ஆவி பறந்து நான் பார்த்ததே இல்லை. அன்றுவரை அதைப் பார்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது.

அப்பா வந்ததைத் தெரிவிக்கக் கனைக்கப் போனார். அம்மை சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள். சித்திரை வெயில். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நாலு பேரும் எங்கள் வீட்டு வாசலில் நின்றோம். பெரியம்மை அவசரப்படவில்லை. ஊதி ஊதிச் சாப்பிட்டாள். இன்னொரு தடவை கறி ஊற்றிக்கொண்டாள்.

இலையைப் போட வெளியே வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டாள்.

"எப்பம் வந்திய?"

"இப்பந்தான் அக்கா" என்றாள் அம்மை. முகத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் வைக்கல்ல" என்றாள் பெரியம்மை. வெட்கப்பட்டாளா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. "ஒருத்திக்கு மட்டும் வச்சா எம்புட்டு ஆகும்னு பாத்தேன்."

"எப்பிடி இருந்துது அக்கா?"

பெரியம்மை கையில் இருந்த இலையைப் பார்த்தாள்.

"சூடா இருந்துதுட்டி" என்றாள்.